சவரிமுத்துவின் ஏழு கற்கள்

அலமாரியில் குப்பி இருந்தது. குப்பிக்குள் கல் இல்லை.

"மேரி, என் கல்லு எங்க?" என்றார் சவரிமுத்து.

மூன்று மாதத்துக்கு முன்னால் பித்தப்பையோடு சேர்த்து எடுத்து, ஆஸ்பத்திரியில் குப்பியில் போட்டுக் கொடுத்த ஏழு கற்கள். ஒரு சாண் தையலை எல்லோருக்கும் அவிழ்த்துக் காட்ட முடியுமா? இண்டூரில் வந்தவன் போனவனுக்கெல்லாம் இந்தக் குப்பியைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். அறுத்த பெரிய டாக்டர் மாற்றலாகிப் போக, புதிதாக வந்த டாக்டர் அந்தக் கற்களைச் சோதித்துப் பார்க்க நாளைக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

"நேர்த்திக்கடனுங்க," என்றாள் அவர் மனைவி லூர்து மேரி. "நீங்க பொழச்சு வந்தா கல்ல, கோயில்ல மாதாவுக்குக் கட்டற கெபிக்குக் குடுக்கறேன்னு வேண்டியிருந்தேன். நேத்து காங்கிரீட் போட்டாங்க. கலவையில போட்டுட்டேன்."

"மெழுகுவத்தி குடுப்பாங்க. வயித்துக் கல்லயா குடுப்பாங்க?"

"மெழுகுவத்தி கரஞ்சு போயிடும். கல்லு நிக்கும்."

சவரிமுத்து கெபி கட்டும் கொத்தனார் பெரியண்ணனிடம் ஓடினார். மாதா நிற்கிற இடத்தை உடைக்கமாட்டேன் என்று அவர் கையை விரித்துவிட்டார். வேறு வழி? கோயில் பக்கத்து ஜல்லிக் குவியலில் சின்னதாக ஏழு பொறுக்கி, கழுவி, குப்பியில் போட்டுக்கொண்டு மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிட்டார்.

டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மேசையில் தட்டிப் பார்த்தார்.

"இது கருங்கல்லு."

"நான் கொஞ்சம் கெட்டியான ஆளுங்க."

"இப்படி ஒண்ண நான் படிச்சதே இல்ல. பித்தக் குழாய்க்குள்ள இன்னும் இருக்கும், பார்த்தே ஆகணும். பயப்படாதீங்க, இந்தத் தடவ கிழிக்க மாட்டோம். வெளிநாட்டுல புது முறை வந்திருக்கு. காத்தடிச்சு வயித்த உப்ப வச்சு, சாவித்துவாரம் மாதிரி நாலு ஓட்டை. ஒண்ணுல கேமரா விடுவோம்."

"சைக்கிளுக்கு அடிக்கற காத்துங்களா?"

"அது போல. மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம். தோள்பட்டை மட்டும் ரெண்டு நாள் வலிக்கும்."

ஓட்டை வயிற்றில், வலி தோளில். நடுவில் கேமரா வேறு. சவரிமுத்துவுக்கு ஒன்றுமே புரியவில்லை.

"சாயங்காலம் என் கார்லயே மெட்ராஸ் போறோம். நீங்கதான் முதல் ஆளு. அதுவரைக்கும் பச்சத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது."

முதல் ஆள் என்றதும் அவர் உண்மையைக் கொட்டிவிட்டார்.

"அய்யா, மெய்யாலுமே அது கோயில் ஜல்லிங்க. நேத்துப் பொறுக்கினது."

"ஆபரேஷன்னா எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்லுவாங்க," என்று சிரித்த டாக்டர், அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, வார்டு ஆயா குள்ளம்மாளைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, மெட்ராஸுக்கு டிரங்கால் போடப் போய்விட்டார்.

"மாதா மேல சத்தியம் ஆயா, அது வெறும் ஜல்லி. ஜல்லிக்காக என் வயித்துல நாலு ஓட்டை போடப்போறாங்க." சவரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

குள்ளம்மாள் வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு ஓசைப்படாமல் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"இப்படியே போயிருங்க. இண்டூர் பஸ் கெளம்பற நேரம்."

"நீங்க ஒருத்தராச்சும் நம்பறீங்களே, ஆயா."

"நம்பாம என்னங்க? ஆபரேஷன் அன்னிக்கு உங்க குப்பி என் கைதவறி ஒடஞ்சு, கல்லெல்லாம் சாக்கடையில போனதும், வாசல் ஜல்லியில ஏழு பொறுக்கி வேற குப்பியில போட்டு உங்க வூட்டம்மா கையில குடுத்தவளே நான்தானுங்களே."