கால் மைல் பாய் ஓட்டிய கார்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே வண்டியைத் திருப்பத் தெரியாத ஒரே மெக்கானிக் பட்டுக்கோட்டையில் எங்கள் தெருவில்தான் இருந்தார். சந்தேகமிருந்தால் என் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு வந்தவர்களைக் கேளுங்கள். மாப்பிள்ளை அழைப்புக் காருக்கு டிரைவர் வரவில்லை என்று இவரை உட்கார வைத்தோம். மண்டபத்துக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். மேளக்காரர்கள் திரும்பினார்கள். ஜனங்கள் திரும்பினார்கள். மாப்பிள்ளை மட்டும் அதிராம்பட்டினம் ரோட்டில் நேராகப் போய்க்கொண்டிருந்தார்.

"என்ன பாய் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"வளைவுன்னு வந்தா ஸ்பீடு போயிடும் தம்பி."

குவைத்தில் இருபது வருஷம் ஒரு ரேஸ் கார் ஷெட்டில் வேலை பார்த்தவர். அங்கே டிராக் ரேஸ் என்று ஒன்று உண்டாம். வளைவு நெளிவு கிடையாது. கால் மைல் நேர் ரோடு, இரண்டு கார், எது முதலில் போய்ச் சேருகிறது என்பதுதான் பந்தயம். பத்துப் பன்னிரண்டு செகண்டில் கதை முடிந்துவிடும். ஊர் திரும்பிய பிறகும் அவருக்கு உலகம் கால் மைல் கணக்கில்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம் என்றால், "அஞ்சு கால் மைல்" என்பார். மெட்ராஸ் எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்பதில்லை. அவர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விடும். இதனால் அவர் கால் மைல் பாய் ஆனார்.

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் எல்லாரும் தங்கமும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். பாய், முதலாளி வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு பழைய ரேஸ் காரைக் கழற்றி, பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார். இரண்டு மாட்டுவண்டி நீளம். உட்கார ஒரே ஒரு ஆளுக்கு இடம். முன்னால் சைக்கிள் மாதிரி ஒல்லிச் சக்கரம், பின்னால் டிராக்டர் மாதிரி தடிச் சக்கரம். அது அவர் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பல வருஷம் துருப்பிடித்துக் கிடந்தது. கோழிகள் அதில் முட்டையிட்டன.

ஒரு தை மாதக் காலையில் டீக்கடையில் என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"மாசிக் கடைசில மவ வந்து என்னையும் பொண்டாட்டியையும் மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறா. அதுக்குள்ள காரை ஒரு தடவ ஓட்டிடணும் தம்பி."

"அங்க எவ்வளவோ ஓட்டியிருப்பீங்களே பாய்?"

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "நான் போல்டு முறுக்குனவன். ஓட்டுனவன் ஒரு எகிப்துக்காரன். ஆனா நாந்தான் ஓட்டுறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். இருபது வருஷப் பொய். அவ கண்ணு முன்னாடி ஒரே ஒரு தடவ நெசமாக்கிட்டா, எங்க போயும் நிம்மதியா உக்காந்துருவேன்."

பொய் சொன்னவர்கள் மன்னிப்புக் கேட்பதுதான் வழக்கம். பாய்க்கு அதைவிட எஞ்சின் இறக்குவது சுலபமாகப் பட்டது.

நிபுணர் குழு கூடியது. முதலாவது, பம்புசெட் மெக்கானிக். இவர் எஞ்சினைக் கையால் தொடுவதற்கு முன் காதைச் சாய்த்துக் கேட்பார். ஓடாத எஞ்சினிடமும் அப்படியே கேட்டார்.

"என்ன சொல்லுது?" என்றார் பாய்.

"ஒண்ணும் சொல்லல. கோவமா இருக்கு."

இரண்டாவது, சாமியானா பந்தல்காரர். இந்தக் காரை நிறுத்த பிரேக் மட்டும் போதாதாம், பின்னால் ஒரு பாராசூட் விரிய வேண்டும். பழையது எலிக்கு ஆகாரமாகிவிட்டதால், தன் பந்தல் துணியில் தைத்துத் தருவதாக ஏற்றுக்கொண்டார். மூன்றாவது, சுவாமிமலை ஸ்தபதி. எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகிற குழல் அரித்துப் போயிருந்தது. அதை மெழுகில் செய்து, மண் பூசி, உருக்கி, வெண்கலத்தில் வார்க்கச் சொன்னோம். நான்காவது நான். என் கையில் ஒரு ஸ்டாப் வாட்சைக் கொடுத்து, எதையும் தொடாதீர்கள் என்றார்கள்.

ஒரு மாதத்தில் வெண்கலக் குழல் வந்தது. கற்பூரம் காட்டலாம் போல அத்தனை அழகு. மாட்டினோம். எஞ்சின் கிளம்பவில்லை. மூன்று நாள் முயன்றும் ஒரு தும்மல்கூட இல்லை. மகள் வர ஆறு நாள்தான் இருந்தது. பாய் கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்ட பாயம்மாவிடம், "நீ போ, வர்றேன்" என்றார். முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் பம்புசெட் மெக்கானிக் குழலைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பார்த்தார். எட்டு ஓட்டைக்குள்ளும் ஒரு விரல் ஆழத்தில் மெல்லிசாக வெண்கலத் தோல் அடைத்திருந்தது. காற்றே போக வழியில்லை. ஸ்தபதிக்குப் போன் போட்டோம்.

"ஆமாங்க, கண்ணு இன்னும் தெறக்கல" என்றார் அவர், வெகு சாதாரணமாக. "அத நாங்க பட்டறையில செய்யமாட்டோமே. வைக்கிற எடத்துக்கு வந்து, நேரம் பாத்துத்தான் செய்வோம். நீங்க கூப்பிடுவீங்கன்னு நானும் காத்துக்கிட்டிருக்கேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் உளியோடு வந்து இறங்கினார். பத்தரைக்கு மேல்தான் நல்ல நேரம் என்றார். பாய் மறுபேச்சில்லாமல் கை கால் கழுவிக்கொண்டு வந்து நின்றார். ஸ்தபதி கிழக்குப் பார்த்து உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாகத் திறந்தார். பாய் ஒவ்வொன்றுக்கும் பிஸ்மில்லா சொன்னார். முடிந்ததும், "கண்ணு தெறந்ததும் கண்ணாடி காட்டணுமே" என்றார் ஸ்தபதி. மெக்கானிக் ஓடிப்போய்த் தன் மொபெட்டின் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினார். அன்று மத்தியானம் எஞ்சின் உறுமியதில் எங்கள் தெருவில் இரண்டு ஓட்டு வீடுகளில் ஓடு சரிந்தது.

இந்தப் பக்கத்தில் ரோடெல்லாம் வாய்க்காலோடு சேர்ந்து வளைந்துதான் போகும். நேராக இருந்தது இன்னும் திறக்காத புது பைபாஸ் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் ரோடு முழுக்க நெல் காய்கிறது. காயப்போட்ட பெண்களிடம் பாய் கைகூப்பிக் கேட்டார். "எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க?" என்றார்கள். "பன்னெண்டு செகண்டு." அவர்கள் சிரித்துக்கொண்டே பாதி ரோட்டை ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

பாயம்மாவைக் கிளம்புமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். நான் பக்கத்தில் நின்றேன். பாய் ஹெல்மெட் மாட்டிக்கொண்டார். அவர் ஒரு முறை பாயம்மாவைப் பார்த்தார். அப்புறம் கார் பாய்ந்தது. வயல் கொக்குகள் மொத்தமாக எழும்பின. எஞ்சின் சத்தத்துக்கு மேலே "யா அல்லா...!" என்று பாயின் குரல் நீண்டு, தூரத்தில் போய்த் தேய்ந்தது.

பாயம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்குத்தான் தம்பி, குரலும் வண்டியோட போவுது."

எனக்குப் புரியவில்லை.

"குவைத்துலேர்ந்து கேசட்டுல பேசி அனுப்புவாரு. 'இந்தா, நாந்தான் ஓட்டுறேன், கேளு'ம்பாரு. வண்டிச் சத்தம் தூரமாப் போயிடும். இவரு குரலு மட்டும் டேப்புகிட்டயே நிக்கும். மொத கேசட்டுலயே எனக்குத் தெரியும்."

"கேட்கவே இல்லியா பாயம்மா?"

"அவ்வளவு தூரத்துல தனியாக் கெடந்தாரு. ஒரு பொய்யாவது கூட இருக்கட்டும்னு விட்டுட்டேன். அவருகிட்ட சொல்லிடாதீங்க."

ரோட்டின் அந்தக் கோடியில் பாராசூட் விரிந்தது. அதில் சிவப்பு எழுத்தில் 'நல்வரவு' என்றிருந்தது. கார் கொஞ்சம் கோணலாகி நெல்லுக்குள் போய் நின்றது. பெண்கள் கைதட்டினார்கள். நான் ஓடினேன். ஹெல்மெட்டைக் கழற்றியதும் பாய் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு?" நான் வாட்சை அமுக்கவே மறந்திருந்தேன்.

"பதினொண்ணு பாய்."

"அவ என்ன சொன்னா?"

"பழக்கமான கை தெரியுதுன்னாங்க."

அந்த மனிதர் நெல்லின் மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

போன ரம்ஜானுக்கு முன்னால் மெட்ராசில் பாய் காலமானார். அவரைப் பற்றி எழுதலாமா என்று பாயம்மாவிடம் போனில் கேட்டேன்.

"எழுதுங்க தம்பி. எல்லாத்தையும் எழுதுங்க. நல்லா ஓட்டுனாருன்னு முடிங்க."

நல்லா ஓட்டினார் பாயம்மா. நான் பார்த்தேன்.