அது தக்காளி இல்லை, சம்பந்தியம்மா

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், என் வீட்டுக்காரர், என் தையல் மிஷின் மூவரும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தி ஐயாவும், தங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. போன வருஷம் தாங்கள் இங்கு வந்திருந்தபோது, கொல்லையில் குழாயடிச் செடியில் பச்சையாக ஏழெட்டுக் காய்கள் தொங்குவதைப் பார்த்து, "தக்காளி நல்லா காய்ச்சிருக்கே, நாலு பறிச்சுக்கட்டுமா?" என்று கேட்டீர்கள். நான் பதறிப்போய், "ஐயோ, அது உருளைக்கிழங்குச் செடிங்க. முளைவிட்ட கிழங்கைத் தூக்கிப் போட்டேன், அதுவா வளர்ந்து பூத்துக் காய்ச்சிருக்கு. அந்தக் காய் விஷம்" என்றேன். தாங்கள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளதானே காய்க்கும்?" என்று சிரித்தீர்கள். ஒரு வாரம் கழித்து மகள் போன் பண்ணி, "அம்மா, நாலு தக்காளி கொடுக்க மனசில்லாம விஷம்னு சொல்லிட்டியாம், அத்தை எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கிறாங்க" என்றாள். அன்றைக்கே முடிவு பண்ணினேன். அந்தக் காயின் விதையிலிருந்தே உருளைக்கிழங்கு எடுத்துத் தங்கள் கையில் கொடுக்காமல் ஓய்வதில்லை.

காயைப் பிசைந்து, கொழகொழப்பு போகட்டும் என்று தம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டால், வருஷத்துக்கு ஒரு தடவை தம்ளர் கழுவும் எங்க வீட்டுக்காரர் அன்னிக்குப் பார்த்துக் கழுவித் தொட்டியில கவிழ்த்துட்டார், டீ வடிகட்டியைப் பிடிச்சுப் பாதியைக் காப்பாத்தினேன், அதைக் காகிதத்துல காய வெச்சா மேல ஃபேனைப் போட்டுட்டார், எள்ளுல கால்வாசிகூட இல்லாத விதைங்க அது, பறந்துபோய் பக்கத்துத் தெரு நர்ஸம்மா தைக்கக் கொடுத்திருந்த ப்ளவுஸ் துணியில விழுந்தது தெரியாம நானும் லைனிங் வெச்சுத் தைச்சுட்டேன். நர்ஸம்மா போட்டுப் பார்த்துட்டு, "முதுகுல என்னமோ நறநறங்குது" ன்னாங்க. தையலைப் பிரிச்சுப் பதினாலு விதை எடுத்தேன். "என்ன இது?" "உருளைக்கிழங்குங்க." அவங்க என் நெத்தியில கை வெச்சுப் பார்த்தாங்க.

காய்ச்சல் எல்லாம் இல்லை. வீட்டுக்கு வந்து, காகிதத்துல ஒட்டியிருந்த மிச்சத்தைப் பொட்டலம் கட்டி வெச்சுட்டு, பிஸ்கட் டின்னுல மண்ணைச் சலிச்சுப் போட்டு அந்தப் பதினாலையும் விதைச்சேன். பத்தாம் நாள் தலைமுடி மாதிரி முளைச்சுது. நாலு இலை வந்ததும் ஊசிமுனையால கிளப்பிக் கொல்லையில வரிசையா நட்டா, ஒரே மழையில நத்தை வந்து அஞ்சு செடியைத் தின்னுட்டுப் போச்சு. மிச்சம் ஒம்பது. குழாய் ரிப்பேருக்கு வந்த ப்ளம்பர் அதுல ரெண்டு மேல நின்னுக்கிட்டு, "செடி எங்கம்மா இருக்கு?" ன்னு கேட்கிறார். மிச்சம் ஏழு. அந்த ஏழையும் பழைய ஸ்கர்ட் துணியால வேலி கட்டி, வாராவாரம் மண்ணை அணைச்சு, தினம் டார்ச் அடிச்சு நத்தை பொறுக்கினேன். "போதும் விடு" ன்னார் வீட்டுக்காரர். விடுவேனா?

போன ஞாயிற்றுக்கிழமை தோண்டினேன். பதினேழு கிழங்கு! விதையில வந்தா ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு ஜாதியாம். ஒண்ணு கோலிக்குண்டு, ஒண்ணு கத்தரிக்காய் நிறம், ஒண்ணு கட்டைவிரல் மாதிரி நீளம். "ஒரே வயித்துப் பிள்ளைங்களா இதெல்லாம்?" ன்னார் அவர். நான் சேத்துல உட்கார்ந்துட்டேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு சம்பந்தியம்மா. நான் கஞ்சம் இல்லை.

இத்துடன் வரும் அட்டைப்பெட்டியில் பதினேழும் உள்ளன. சிரித்த அனைவருக்கும் ஒருமுறை காட்டவும். எனக்கு யார்மேலும் வருத்தமில்லை. மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். சம்பந்தி ஐயாவுக்கு என் வணக்கம். தங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: டேப் ஒட்டுவதற்கு முன் ஆசையாக ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்தேன். பதினேழும் ஒரே நிறம், ஒரே அளவு. வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கியதில், நான் அளவெடுக்கப் போயிருந்த நேரம் பசித்ததாம், பெட்டியில் இருந்ததை வேகவைத்துத் தின்றுவிட்டாராம், பிறகு பயந்துபோய்க் கடையில் பதினேழு எண்ணி வாங்கி வைத்தாராம். அதை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஆகவே பெட்டி வராது. "எப்படித்தான் இருந்துச்சு?" என்று கேட்டேன். "உருளைக்கிழங்கு மாதிரியேதான் இருந்துச்சு" என்றார். இப்போதைக்கு அந்தச் சாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை விதை இன்னும் மிச்சமிருக்கிறது. இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து விதைக்கப் போகிறேன்.