கிடாவெட்டு அங்கிளும் என் காத்தாடியும்

கிள்ளான் ஆற்றங்கரையில் அதிகமாகக் கிடா வெட்டியவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், பரிசு ஒரு சுத்த சைவருக்குத்தான் போகும். முட்டைகூடத் தொடமாட்டார். பண்டமாரானிலிருந்து தயிர் சாதம் கட்டிக்கொண்டு வந்து, மீன் கூடைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். ஆனாலும் படகுத்துறை முழுக்க அவருக்குப் பெயர் கிடாவெட்டு அங்கிள். சொந்தப் பெயர் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் ஐசியில இருக்கு" என்று சட்டைப்பையிலிருந்த அடையாள அட்டையைத் தட்டிக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் வெட்டிய கிடாக்களுக்குக் கொம்பும் கிடையாது, வாலும் கிடையாது. அவை ஜிங்க் கட்டிகள். சோப்புக் கட்டி அளவில் இருக்கும். படகின் அடியில், தண்ணீருக்குள் சுற்றும் காத்தாடிக்குப் பக்கத்தில் அவற்றை முடுக்குவார்கள். உப்புத் தண்ணீருக்கு வெண்கலத்தையும் இரும்பையும் அரித்துத் தின்னும் குணம் உண்டு. பக்கத்தில் ஜிங்க் இருந்தால் முதலில் அதைத் தின்னும், காத்தாடியை விட்டுவிடும்.

"கடலுக்குப் பசி, தம்பி. ஏதாச்சும் குடுத்தே ஆவணும். கிடா குடுக்கலைன்னா காத்தாடிய எடுத்துக்கும்" என்பார் அங்கிள். ஒவ்வொரு கட்டியை முடுக்கும் முன்பும் அதற்குக் கற்பூரம் காட்டுவார். பிறகு தண்ணீரைப் பார்த்து, "இது மட்டுந்தான் ஒனக்கு. மத்ததுல கை வச்ச, பாத்துக்க" என்று மிரட்டுவார். ஆறு ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

இவரிடம் நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் வீடு, பெட்டாலிங் ஜெயாவில் ஏர்கான் குளிரில் உத்தியோகம். கடலோடு எனக்கு இருந்த ஒரே உறவு பாசாரில் வாங்கும் மீன். இந்தத் தகுதியை நம்பி, மச்சான் மனோகரோடு சேர்ந்து ஒரு பழைய மீன்பிடிப் படகை வாங்கினேன். மனோகருக்கு நீச்சல் தெரியாது. எனக்குத் தெரியும் என்று என் மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

வாங்கியதும் படகைத் துறையில் கட்டிவிட்டு, தொப்பி வாங்குவதில் சில மாதங்கள் போயின. முதல் பயணத்தன்று இன்ஜின் போட்ட சத்தத்துக்கு நாங்கள் சுமத்ராவைத் தாண்டியிருக்க வேண்டும். படகோ நகர மனமில்லாமல் நின்றது. கரையோரமாகக் காய்கறிப் பையோடு நடந்துபோன ஓர் ஆன்டி எங்களை முந்திக்கொண்டு போனார். அதற்குமேல் மானம் தாங்காமல், படகை மேட்டில் இழுத்துப் போடச் சொன்னோம்.

காத்தாடி என்று ஒன்று இருந்த இடத்தில் வெள்ளைக் கல்லாக ஓர் உருண்டை இருந்தது. எல்லாம் தெரித்திப். பாறை, மரம், இரும்பு என்று எதைக் கண்டாலும் ஒட்டிக்கொண்டு ஓடு கட்டிக்கொள்ளும் சின்ன உயிர். அங்கிள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் தொப்பியைப் பார்த்தார்.

"கேப்டன், இதத் தண்ணிய விட்டு எப்ப வெளிய எடுத்தீங்க?"

"எடுக்கலையே அங்கிள். போட்டுன்னா தண்ணியிலதானே இருக்கணும்?"

"கரெக்ட். வீடு வாங்கி, கதவத் தொறந்து போட்டுட்டு, நீங்க ஊருக்குப் போய்ட்டீங்க. தெரித்திப் குடும்பத்தோட வந்து குடியேறிட்டான் லா."

அன்றிலிருந்து எனக்குப் பெயர் கேப்டன். அவர் வாயில் அந்தப் பதவி எவ்வளவு கேவலமாக ஒலிக்கும் என்பதை எழுத்தில் கொண்டுவர முடியாது.

தெரித்திப்புக்கும் அங்கிளுக்கும் பரம்பரைப் பகை. அதை விரட்ட அவர் செய்யாத ஆராய்ச்சி இல்லை. ஒருமுறை மிளகாய்த் தூளை கிரீஸில் குழைத்து, ஊரிலிருந்த காத்தாடிகளுக்கெல்லாம் பூசிவிட்டார். தடவிய கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு அவர்தான் மூன்று நாள் அழுதார். தெரித்திப் வழக்கம்போல வந்து ஒட்டியது. "தமிழங்ககூடவே இருந்து காரம் பழகிடுச்சி" என்று அறிக்கை விட்டார்.

அடுத்தது குழந்தைகளுக்கு பேம்பர்ஸ் புண்ணுக்குத் தடவும் வெள்ளை கிரீம். மருந்துக் கடையில் டப்பா டப்பாவாக வாங்குவார். கடைப் பெண், "பேரப் புள்ளைக்கா அங்கிள்? பாவம், ரொம்ப அவதிப்படுதோ?" என்று கேட்க, இவர், "ஆமாம்மா, அடியெல்லாம் அரிச்சிப் போச்சி" என்றாராம். மிளகாயைவிட இது கொஞ்சம் வேலை செய்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறுதோறும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தெரித்திப்பைச் சுரண்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வாரம் முழுக்க அலுவலகத்தில் என்னை யாரும் திட்டுவதில்லை. யாரும் கவனிப்பதே இல்லை என்பதுதான் காரணம். இங்கே ஒரு மனிதர் நான் சுரண்டியைப் பிடிக்கும் விதத்துக்குக்கூட நாலு வார்த்தை திட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில்தான் பிடிக்கவில்லை.

"தைப்பூசம் முடிஞ்சதும் என்னைப் புலாவ் கெத்தாமுக்குக் கூட்டிட்டுப் போங்க. போட்டு ஒழுங்கா ஓடுச்சின்னா வச்சிக்குங்க. இல்லன்னா வித்துருங்க" என்று தீர்ப்பு வழங்கினாள் மனைவி. கெத்தாம், ஆறு கடலில் சேரும் இடத்துக்கு எதிரே இருக்கும் தீவு. மனோகர் அப்போதே வாங்க ஓர் ஆளையும் பார்த்து வைத்துவிட்டான். படகு போனால் என் ஞாயிறும் போகும். இனி ஒரு தவறும் நடக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். நான் அப்படி முடிவெடுக்கும்போதெல்லாம்தான் ஏதாவது நடக்கிறது.

அந்த வருடம் ஆயுத பூசைக்குப் படகை மேலேற்றிக் கழுவினோம். அங்கிள் புதுக் கிடாவை முடுக்கி, கற்பூரம் காட்டிவிட்டு, சாப்பிடப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சந்தனம் குங்குமம் வைத்து, படகைத் தண்ணீரில் இறக்கினோம்.

தைப்பூசம் முடிந்து, பயணத்துக்கு முன் ஒரு பார்வை பார்க்கலாம் என்று மறுபடி மேலேற்றினோம். மனைவியும் வந்திருந்தாள். கிடா, கடையில் வாங்கியபடி பளபளவென்று முழுசாக இருந்தது. காத்தாடிதான் ரோஸ் நிறமாகி, ஓரமெல்லாம் எலி கடித்த பிஸ்கட்டாக நின்றது. அங்கிள் கிடாவை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இது யார் வேல?"

மனோகர் என்னைப் பார்த்தான். என்ன வேலை என்றே தெரியாத என் மனைவியும் என்னைத்தான் பார்த்தாள்.

"நான்தான் அங்கிள். கிடான்னா குளிப்பாட்டி, மால போட்டு, அலங்காரம் பண்ணித்தானே குடுப்பாங்க? அதான் சில்வர் பெயிண்ட் அடிச்சேன். ரெண்டு கோட்டு."

"ரெண்டு கோட்டா?"

"மழைக்கு நிக்கணும்ல?"

தண்ணீருக்கு அடியில் இருக்கும் பொருளுக்கு மழைப் பாதுகாப்பு செய்தவனை அங்கிள் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"கிடாவுக்கு ரெண்டு சட்ட போட்டு விட்டிருக்கீங்க, கேப்டன். கடல் வந்து கடிச்சிப் பாத்திருக்கு. பெயிண்ட். துப்பிட்டு, காத்தாடிக்குப் போயிடுச்சி."

"அப்ப வித்துற வேண்டியதுதான்" என்றாள் மனைவி. மனோகர் கைப்பேசியை எடுத்தான். ஒரு சுரண்டிக்காகவும் நாலு திட்டுக்காகவும் நாற்பத்தெட்டு வயதில் கண் கலங்குகிறது என்று யாரிடம் சொல்வது?

அங்கிள் கையைத் துடைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். "இரும்மா. தப்பு எம்மேல. ஜிங்க்குன்னு சொல்லியிருந்தா இவரு சும்மா இருந்திருப்பாரு. கிடான்னு சொல்லிக் குடுத்தது நான். கிடான்னு கேட்ட மனுசன், முறையாத்தான் செஞ்சிருக்காரு."

பிறகு அவர் கொட்டகைக்குள் போய், கோணியில் சுற்றிய ஒரு வெண்கலக் காத்தாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒருநாளும் தண்ணீர் பார்க்காதது. என்றைக்காவது சொந்தமாகப் படகு வாங்கினால் போடுவதற்கு என்று வைத்திருந்தாராம். அவருக்குப் படகு இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் படகுக்குப் பொருந்தும்படி அதைப் பகல் முழுக்க அராவினார். என்னைக் கிட்டே விடவில்லை.

புலாவ் கெத்தாமுக்குப் போனோம், வந்தோம். வழி முழுக்க வாந்தி எடுத்தது கேப்டன். படகை ஓட்டியது என் மனைவி. அதற்குப் பிறகு அவள் விற்பதைப் பற்றிப் பேசவில்லை.

போன வருடம் அங்கிளை மகள் வந்து ஈப்போவுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பார்க்கிற தூரத்தில் கடல் இல்லாத ஊர். ஒவ்வொரு முறை படகை ஏற்றும்போதும் காத்தாடியைப் படம் பிடித்து அனுப்புவேன். உடனே குரல் செய்தி வரும். ஓரத்தில் பத்தவில்லை, சுரண்டியைத் தலைகீழாகப் பிடித்தாயா, உனக்கெல்லாம் எவன் படகு விற்றான் என்று ஒரு பாட்டம் திட்டுவார்.

சென்ற தடவை ரொம்பப் பாடுபட்டு, கண்ணாடி மாதிரித் தேய்த்து அனுப்பினேன். "நல்லாருக்கு தம்பி. சாப்டீங்களா?" என்று மட்டும் வந்தது. எனக்கு அன்று முழுக்க என்னவோ போலிருந்தது. ஆகவே இந்த ஞாயிறு காத்தாடியின் மூன்று இதழ்களைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, நாலாவதில் ஒரு கை அகலத்துக்குத் தெரித்திப்பை அப்படியே விட்டுவிட்டுப் படம் எடுத்திருக்கிறேன்.