ஜூனியர் கேஜி இன்டர்வியூவில் ஒரு முக்கோணம்

யாராவது "என்ன வேலை பண்றேள்?" என்று கேட்டால் நான் "காலேஜ்ல பாடம் எடுக்கறேன்" என்று சொல்லி வாயை மூடிக்கொள்ள வேண்டும். இது என் கணவர் கார்த்திக் போட்ட சட்டம். நியாயமான சட்டம்தான்.

மகள் நிலாவுக்கு அப்போது மூன்றரை வயது. மும்பை செம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய பள்ளியில் ஜூனியர் கேஜி இன்டர்வியூ. இடம் கிடைக்காவிட்டால் குழந்தை தினமும் பஸ்ஸில் போகவேண்டும். அந்தக் கவலையில் நான் ஒரு வாரம் தூங்கவில்லை. (நிலா நன்றாகத் தூங்கினாள்.) கிளம்பும்போது மாமியார், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கேட்டியா" என்றார்.

மூன்று குடும்பங்களை ஒன்றாக உட்காரவைத்தார்கள். விண்ணப்பத்தில் நான் இயற்பியல் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, பிரின்சிபால் மேடம் என் ஆராய்ச்சி பற்றிக் கேட்டார். "குழந்தைகளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றும் சேர்த்துக்கொண்டார். மற்றவர்கள் இதற்குச் சிரித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் எழுந்துவிட்டேன்.

நிலாவையும், மற்ற இரண்டு குடும்பத்துக் குழந்தைகள் ரேயான்ஷ், ஸியாவையும் முக்கோணமாக நிறுத்தினேன். "நீங்க மூணு பேரும் குட்டிக் காந்தம். பக்கத்துல இருக்கறவா எந்தப் பக்கம் பாக்கறாளோ, அதுக்கு எதிர்ப் பக்கம் பாக்கணும்." இதை இந்தியிலும் சொன்னேன். ரேயான்ஷ் ஜன்னலைப் பார்த்தான். ஸியா கதவைப் பார்த்தாள். நிலா இரண்டு பக்கமும் சுற்றிச் சுற்றித் திரும்பினாள்.

"அம்மா, நான் எந்தப் பக்கம்?"

"அதுதான்டி கேள்வியே."

"ராதா, உக்காரு" என்றார் கார்த்திக், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்தது வெளியிலிருந்து காந்தப்புலம் வேண்டும். மேடத்தின் மேஜையிலிருந்து (கேட்காமல்) ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன். இரண்டு பேர் பிஸ்கட் பக்கம் திரும்பினார்கள். நிலா மட்டும் வீம்பாக முதுகைக் காட்டி நின்றாள். இன்னும் கிட்டே கொண்டுபோனேன். அசையவில்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்டர்வியூ மறந்துபோயிற்று. கணக்குப்படி இப்படி முக்கோணத்தில் இருக்கும் அணுக் காந்தங்கள் எத்தனையோ விதமாக நிற்கலாம், எல்லாவற்றுக்கும் ஒரே ஆற்றல்தான் செலவு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை என்றேன். எவ்வளவு குளிர்வித்தாலும் அடங்காத ஒரு நடுக்கம் அவற்றுக்குள் இருக்கிறது. அந்த நடுக்கம்தான் தேர்ந்தெடுக்கிறது: இரண்டு காந்தம் புலத்தின் பக்கம், ஒன்று எதிர்ப் பக்கம். அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் புலத்தைக் கூட்டினாலும் அப்படியே நிற்கும். நடுக்கம் எதையும் கெடுக்கத்தான் செய்யும் என்று நினைத்திருந்தவள் நான். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போகிறவள். இதை முதலில் படித்தபோது சற்று நேரம் அடுத்த பக்கத்தைத் திருப்பவே இல்லை.

ஸியாவின் அப்பா மொபைலைக் கவிழ்த்து வைத்தார். "இன்னும் பக்கத்துல கொண்டுபோனா?" என்றார் மேடம், மெதுவாக.

கொண்டுபோனேன். நிலா சட்டென்று திரும்பிப் பிஸ்கட்டைப் பிடுங்கினாள். குறுக்கே வந்த ரேயான்ஷின் கையைக் கடித்தும் விட்டாள்.

ரேயான்ஷுக்கும் ஸியாவுக்கும் இடம் கிடைத்தது. நிலாவுக்கு இல்லை. ஆனால் மேடமே போன் செய்தார். "சயின்ஸ் டேக்கு நீங்க வந்து இதைப் பசங்களுக்குச் சொல்ல முடியுமா?" கூப்பிட்டால் போகாமல் இருப்பது மரியாதையா? போனேன். வருஷா வருஷம் போகிறேன்.

நிலா இப்போது பஸ்ஸில் போய், சுனாபட்டியில் வேறொரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். "அந்த ஸ்கூல்ல எங்கம்மாக்குதான் சீட் கிடைச்சுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சயின்ஸ் டே அன்று காலையில், பஸ் ஏறுவதற்கு முன்னால் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொல்வாள்: "டிபன் எடுத்துண்டியா? சமத்தா இரு. யாரையும் கடிக்காதே."