பின்னால் நின்றவர்கள் சொன்ன பதில்

மைக்கைக் கையில் கொடுத்தவுடன் யோக்கியர்களாகிவிடும் ஆட்கள் உண்டு. வரவேற்பு மேடையில் அவர்களைப் போல் மனைவியை மதிப்பவர்கள் கிடையாது. மரம் நடும் விழாவில் அவர்களைப் போல் மரத்தை நேசிப்பவர்கள் கிடையாது. கீழே இறங்கியதும் எல்லாம் சரியாகிவிடும். அந்தக் கூட்டத்தில் நான் பல வருடம் மதிப்புக்குரிய உறுப்பினராக இருந்தேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் மொத்த ஸ்டிச்சிங் லைனும் வேடிக்கை பார்க்க, ஒரு மதிய வேளையில் என்னை அதிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அந்தக் கம்பெனியில் நான் மனிதவள அதிகாரி. பெயர்தான் பெரிது. பஸ் ஏன் லேட்டு, பாத்ரூமில் தண்ணீர் ஏன் வரவில்லை, யார் யாரோடு ஏன் பேசுவதில்லை என்று விசாரிப்பதுதான் வேலை. வீடு வேலூரில். என் மனைவி ஸ்டெல்லா அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் அப்பாவுக்குச் சர்க்கரை, பெரியப்பாவுக்குச் சர்க்கரை, அத்தைக்கும் சர்க்கரை. அடுத்தது யார் என்பதில் ஸ்டெல்லாவுக்குச் சந்தேகமே இல்லை. அதனால் தினமும் காலையில் டியூட்டிக்குப் போகுமுன் எனக்கு டிபன் கட்டித் தருவாள். சிவப்பரிசிச் சோறு, கீரை, ஒரு காய், மோர். (காய் என்றால் பெரும்பாலும் சுரைக்காய். அதன் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. அடிக்கடி சந்திக்க வேண்டாமே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.)

கம்பெனி கேட்டுக்கு எதிரே குமுதா அக்காவின் ஃபாஸ்ட் ஃபுட் வண்டி நிற்கும். மதியம் ஆனால் அக்கா பெரிய இரும்புக் கடாயில் கரண்டியால் தட்டுவார். அந்தச் சத்தமும், சூடான எண்ணெயில் பூண்டும் சாஸும் விழும் வாசனையும் என் அறை ஜன்னல் வழியாக வந்து சட்டையைப் பிடித்து இழுக்கும். சிக்கன் ரைஸ், எக் நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன், சில்லி சிக்கன். பிரியாணிக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு நூடுல்ஸ் சாப்பிட்ட பாவி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது ஸ்டெல்லாவின் டிபன் என்ன ஆகும்? அது செக்யூரிட்டி பாஷா பாய்க்குப் போகும். அவர் குடும்பம் குடியாத்தத்தில் இருந்தது. இவர் இங்கே தனியாக அறை எடுத்துத் தங்கி, மதியத்துக்கு பன்னும் டீயுமாக ஓட்டிக்கொண்டிருந்தவர். பசித்தவருக்குச் சோறு கொடுக்கிறேன், கொடுத்துவிட்டு நான் பசியோடு இருக்க முடியாதே என்று வண்டிக்குப் போகிறேன். இப்படி ஒரு கணக்கு வைத்திருந்தேன். கணக்கு பைபிளுக்கும் பொருந்தி வந்தது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ராத்திரி ஸ்டெல்லா, "கீரை எப்படி இருந்துச்சு?" என்று கேட்பாள். சாப்பிடாதவன் எப்படிச் சொல்வான்? அதற்கும் ஏற்பாடு செய்தேன். சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போது விசாரித்துக்கொள்வேன்.

"பாய், இன்னைக்கு எப்படி?"

"முருங்கைக் கீரை சார். உப்பு மட்டும் கம்மி."

வீட்டுக்குப் போய், "முருங்கைக் கீரை பிரமாதம். உப்புதான் கொஞ்சம் கம்மி" என்பேன். மறுநாள் உப்பு சரியாக இருக்கும். காரம் ஜாஸ்தி என்று பாய் சொன்னால் அடுத்த வாரம் காரம் குறையும். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக என் மனைவியின் சமையல் முழுக்க பாஷா பாயின் நாக்குக்கு ஏற்றபடி மாறிக்கொண்டிருந்தது.

என் உடம்பும் மாறிக்கொண்டிருந்தது. மதியம் சாப்பிட்டதும் நாற்காலியிலேயே கண் சொருகும். தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் தாகம். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்தபோது, நம்ம ஊர் தோலே இப்போதெல்லாம் சுருங்குகிறது போலிருக்கிறது என்று தோலின் மேல் பழியைப் போட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் முதலாளி கூப்பிட்டு, மதியத்துக்கு மேல் லைனில் எல்லோரும் தூங்கி வழிகிறார்கள், வெளியே கண்டதைத் தின்பதால்தான் இப்படி, ஒரு மெடிக்கல் கேம்ப் வையுங்கள், நீங்களும் நாலு வார்த்தை பேசுங்கள் என்றார். பேசச் சொன்னால் போதாதா எனக்கு? ஸ்டெல்லாவின் ஆஸ்பத்திரியிலேயே சொல்லி ஏற்பாடு செய்தேன். அவளுடைய தோழி கஸ்தூரி சிஸ்டர் வருவதாக முடிவானது.

கேம்ப் அன்று சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டு மைக் கட்டினார்கள். காலையிலிருந்து கேம்ப் வேலையிலேயே சுற்றிக்கொண்டிருந்ததால் போனைப் பார்க்கவில்லை. டீம் வருவதற்குள் பேசி முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

"நம்ம உடம்புக்கு நாமதான் பொறுப்பு. நம்ம வாயில எது போகணும்னு முடிவு பண்றது நாமதான். அடுத்தவன் வந்து முடிவு பண்ண மாட்டான்."

முன்வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் கருத்தின் ஆழம் அவர்களைத் தொட்டுவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

"என்னையே எடுத்துக்குங்க. என் வீட்டுக்காரி கட்டிக் குடுக்கறதத் தவிர வேற எதையும் நான் கையால தொடறதில்ல."

கூடமே சிரித்தது. சிலர் கை தட்டினார்கள். நான் இன்னும் உற்சாகமாகி வாசல் பக்கம் திரும்பினேன். மருத்துவ வேன் வந்து நின்றிருந்தது. டாக்டருக்குப் பின்னால், ரத்த அழுத்தக் கருவியைக் கையில் பிடித்தபடி என் மனைவி நின்றிருந்தாள்.

கஸ்தூரி சிஸ்டருக்குக் காய்ச்சல். அதனால் இவள் வந்திருக்கிறாள். என் போனில் அவள் கூப்பிட்டது வரிசையாக இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

கம்பெனியில் யாருக்கும் ஸ்டெல்லாவைத் தெரியாது. அறிமுகப்படுத்தலாம் என்று போனேன். அதற்குள் ஸ்டிச்சிங் லைன் சுமதி, "சார்தான் ஃபர்ஸ்ட்டு உக்காரணும். எங்களுக்கு ஊசின்னா பயம்" என்று சொல்லிவிட்டாள். வரிசை எனக்குப் பின்னால் சேர்ந்துவிட்டது. உட்கார்ந்தேன்.

"பேரு சொல்லுங்க சார்" என்றாள் ஸ்டெல்லா.

இருபத்தைந்து வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள். அவளிடம் என் பெயரைச் சொன்னேன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகக் குத்தியதாக எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகம் இருக்கிறது.

"வெளிச் சாப்பாடு உண்டா சார்?"

"எப்பவாவது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் மாதிரி..."

எனக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஸ்டெல்லா தலையைத் தூக்கி என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"பின்னாடி நிக்கிறவங்க சொல்லுங்கம்மா. சார் வெளியில சாப்பிடுவாரா?"

"டெய்லி" என்றது வரிசை. பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் ஆமென் சொல்வதைப் போல அவ்வளவு ஒற்றுமை. லைனில் டார்கெட் முடிக்கச் சொன்னால் வராத ஒற்றுமை.

"சிக்கன் ரைஸ் சிஸ்டர்" என்றாள் சுமதி. "மேல ஆம்லெட் போட்டுக்குவாரு. சாஸ் ஜாஸ்தி கேப்பாரு."

"வெள்ளிக்கிழமைன்னா சில்லி சிக்கன்" என்றது இன்னொரு குரல்.

"அக்கா வண்டியில சாருக்குன்னு தனியா ஸ்டூலே இருக்குது சிஸ்டர். நாங்க யாரும் அதுல உக்கார மாட்டோம். மரியாதைக்கு."

அவர்கள் யாரும் என்னைக் காட்டிக் கொடுக்க நினைக்கவில்லை. சிஸ்டர் கேட்டார், உண்மையைச் சொன்னார்கள். ஸ்டெல்லா சர்க்கரைக் கருவியில் வந்த எண்ணைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அப்போதுதான் அவள் முகம் மாறியது. கோபம் இருக்க வேண்டிய கண்ணில் பயம் வந்தது. கருவியை டாக்டர் பக்கம் நகர்த்தினாள்.

"நாளைக்கு வெறும் வயித்துல வாங்க சார்" என்றார் டாக்டர். "இது விளையாட்டு இல்ல."

எழுந்து ஓடியிருக்கலாம். விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன். எனக்கு அடுத்து வந்து உட்கார்ந்தவர் பாஷா பாய்.

அவருக்கு அழுத்தம் சரி, சர்க்கரை சரி, எல்லாம் சரி. டாக்டரே பாராட்டினார். "இந்த வயசுல நல்லா வெச்சிருக்கீங்க பாய். எங்க சாப்பிடுறீங்க?"

"எல்லாம் சார் புண்ணியம்" என்று பாய் என்னை அன்போடு காட்டினார். "டெய்லி அவங்க வீட்டு டிபன எனக்குக் குடுத்துடுவாரு. கீரை, காய், மோரு. அந்த அம்மா கை அப்படி. மொதல்ல உப்புதான் கம்மியா இருந்துச்சு. நான் சார்கிட்ட சொன்னேன், சரி பண்ணிட்டாங்க."

ஸ்டெல்லாவின் கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது.

"சுரைக்காய் எப்படி?" என்று கேட்டாள்.

"அது ஒண்ணுதாம்மா. கூட்டுல ரெண்டு பல் பூண்டு தட்டிப் போட்டா நல்லா இருக்கும்."

"சொல்லிடுறேன்" என்றாள் ஸ்டெல்லா. "அந்தம்மாவ எனக்குத் தெரியும்."

அன்று சாயங்காலம் ஆம்பூரிலிருந்து வேலூர் போய்ச் சேரும் வரைக்கும் பஸ்ஸில் பதில்களைத் தயார் செய்துகொண்டே போனேன். வேலை டென்ஷன். பாயின் பசி. அந்த வாசனை. கடைசியில் எனக்குக் கிடைத்தவற்றிலேயே வலுவானதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"அந்த வண்டிய கேட்டு முன்னாடி விட்டதே தப்பு. நாளைக்கே எடுக்கச் சொல்றேன்."

ஸ்டெல்லா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக்கா உங்க கையப் புடிச்சி இழுத்தாங்களா?"

"இல்ல, ஆனா..."

"அந்தப் பொண்ணுங்க வெள்ளென எழுந்து, புள்ளைங்களுக்கு ஆக்கி வெச்சுட்டு, கம்பெனி பஸ்ஸப் புடிக்க ஓடி வர்றாங்க. தனக்குன்னு கட்டிக்கினு வர நேரமில்ல. அவங்க அங்க சாப்பிட்டா ஒரு காரணம் இருக்குது. உங்களுக்கு இன்னா காரணம்? சோறு பைக்குள்ள இருந்துச்சு."

தோளில் இருந்த பையை இறக்கி வைத்தேன். மைக் பிடித்து, வேறு வழியில்லாதவர்களிடம் பொறுப்பைப் பற்றிப் பேசினேன். வழி இருந்தவன் அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான்.

"புடிக்கலன்னு சொல்லியிருந்தா வேற செஞ்சிருப்பேன்ல" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "அந்த நம்பரப் பார்த்ததும் எனக்கு உங்க அப்பா ஞாபகம்தான் வந்துச்சு. சர்க்கரைப் புண்ணுக்கு அவரு கால்ல நான்தான் கட்டு மாத்தினேன். மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. நினைக்காமல் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் துணி மடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோய்ப் பார்த்தால், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.

"அப்போ உப்பு கம்மின்னு இத்தனை நாளா சொன்னது அந்த பாயா?"

மறுநாள் வெறும் வயிற்றுப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. சர்க்கரை வந்துவிட்டது. கூடவே ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு. (பிரியாணிக் கடையில் ஈரல் வறுவல் எத்தனையோ சாப்பிட்டிருக்கிறேன். என் ஈரலும் அந்தப் பக்கமாகவே போகும் என்று எதிர்பார்க்கவில்லை.) இப்போதே பார்த்தது நல்லதாயிற்று, இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். மாத்திரை, காலையில் கோட்டை மைதானத்தில் நடை என்று வாழ்க்கை மாறியது.

குமுதா அக்காவிடம் போய், இனிமேல் வரமாட்டேன் என்றேன்.

"தெரியும் சார். அன்னைக்கே சுமதி வந்து சொல்லிட்டா. சிஸ்டரு உங்க வீட்டம்மான்னு பாய்தான் வேன் டிரைவர்கிட்ட கேட்டுக்கினு வந்து சொன்னாரு. பாவம், வெக்கத்துல அவரே சரியா சாப்பிடல." கடாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நல்லா இருங்க சார். நானே இதச் சாப்பிடறதில்ல. நாள் பூரா இந்தப் புகையில நின்னா சாயங்காலம் ஒரு வாய் மோர் சோறுதான் எறங்கும்."

அதன் பிறகு மைக் இல்லாமல் ஒரு காரியம் செய்தேன். முதலாளியிடம் விடாமல் பேசி, கம்பெனி கேன்டீனில் மதியச் சாப்பாடும் சுண்டலும் போட வைத்தேன். சாம்பார் சுமார்தான். இருந்தாலும் பெண்கள் வாரத்தில் பெரும்பாலும் அங்கே சாப்பிடுகிறார்கள். சனிக்கிழமை சம்பளம் வந்த கையோடு வண்டிக்குப் போகிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. குமுதா அக்காவும் இப்போது எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் சேர்த்துக்கொண்டார்.

ஸ்டெல்லா இரண்டு டிபன் கட்டுகிறாள். பாய் டிபனில் சுரைக்காய்க் கூட்டுக்குப் பூண்டு உண்டு. என்னுடையதிலும் உண்டு. நன்றாகத்தான் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் எனக்கு மரியாதை திரும்பவே இல்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, சட்டை பழைய அளவுக்கு வந்துவிட்டது, எதுவும் செல்லாது. யார் எதைக் கேட்டு நான் என்ன சொன்னாலும் உடனே ஒருவர், "பின்னாடி நிக்கிறவங்க சொல்லுங்கம்மா" என்பார். மாத்திரை போட்டாச்சா, கரன்ட் பில் கட்டியாச்சா, எல்லாவற்றுக்கும். சர்ச்சில் கொயர் பாடுகிறவர்கள் வரைக்கும் இது போய்விட்டது.

போன மாதம் எங்கள் மகள் ஜெனிஃபருக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி அம்மா பந்தியில் ஜிலேபித் தட்டோடு வந்து, "அண்ணே, உங்களுக்கு ஸ்வீட் வைக்கலாமா, எப்படி?" என்று மரியாதையாகக் கேட்டார். எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் தெரியாத மனுஷி. இங்கேயாவது மானத்தோடு பேசலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நான் ஸ்வீட்டத் தொட்டே..."

எதிரில் மாப்பிள்ளை பரிமாறிக்கொண்டிருந்தான். கையில் சாம்பார் வாளியோடு, ரொம்பப் பணிவாக, என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

பையன் நம்ம குடும்பத்துக்கு ஏற்றவன்தான் என்று ஸ்டெல்லா அன்றைக்குத்தான் முழு மனதாகச் சொன்னாள்.