டயர்க்கடை மாடியில் ஒரு டைரக்டர்

மலாக்கா பக்கத்துச் சுங்கை ரம்பாயில் பிறந்ததிலிருந்து உட்காராத மனிதர் என்று ஒருவர் உண்டென்றால் அது எங்கள் டைரக்டர்தான். தேத்தண்ணியை நின்றுகொண்டே குடிப்பார். ரொட்டி சானாயை நடந்துகொண்டே சாப்பிடுவார். தன் கல்யாணத்திலேயே ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது எழுந்துபோய், பந்தல் தோரணத்தை இடம் மாற்றிக் கட்டிவிட்டு வந்தவர் என்று அவர் மனைவி சத்தியம் செய்வார். நான் அதை முழுமனதாக நம்புகிறேன்.

டைரக்டர் என்றதும் சினிமா என்று நினைத்துவிடாதீர்கள். 'நவீன ஓவிய அருங்காட்சியகம், நிறுவன இயக்குநர்' என்று மூன்று மொழிகளில் கார்டு அடித்து வைத்திருந்தார். அருங்காட்சியகம் என்பது நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த டயர்க்கடையின் மாடி. அதற்கு முன் அவர் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய் இன்சூரன்ஸ் விற்றவர். ஒருமுறை கோலாலம்பூரில் மழைக்கு ஒதுங்கிய கட்டடத்தில் ஓவியக் கண்காட்சி நடந்திருக்கிறது. மழை விட்டதும் எல்லோரும் கிளம்பினார்கள். இவர் கிளம்பவில்லை. ஊருக்குத் திரும்பும்போது கக்கத்தில் ஒரு படம் இருந்தது. இன்சூரன்ஸ் பை எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

டயர்க்கடை முதலாளியும் அவரும் ஒரே தோட்டத்தில் ஒன்றாகத் திரிந்தவர்கள். அந்த ஒரே காரணத்துக்காக முதலாளி மாடியைச் சும்மா கொடுத்திருந்தார். துணை இயக்குநர் பதவியை டைரக்டர் எனக்குக் கொடுத்தார், என்னைக் கேட்காமலேயே. ஏணியைப் பிடித்துக்கொள்வதுதான் அந்தப் பதவியின் வேலை. மாட்டிய படத்தை மாட்டிய இடத்தில் விட்டுவைக்க அவரால் முடியாது. காலையில் கிழக்குச் சுவரில் இருப்பது மதியம் மேற்கே போகும், சாயங்காலம் மறுபடி கிழக்கே வரும்.

"தங்கச்சி, நேரா இருக்கா பாரு."

"நேரா இருக்குண்ணே."

"நேரா இருக்கா? அப்ப எங்கயோ தப்பு இருக்குலா. கழட்டு."

படங்களைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒன்று முழுக்க வெள்ளை, ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. இன்னொன்று சுவரளவுக்கு நீலம், வேறொன்றுமே இல்லை. "இந்த நீலத்தப் பாத்தா உனக்கு என்னம்மா தோணுது?" என்று தினமும் கேட்பார். "லாரிக்கு டார்ப்போலின் கட்டியிருக்குன்னு தோணுதுண்ணே" என்பேன். கொஞ்சமும் கோபப்படாமல், "நாளைக்கு மறுபடி பாரு" என்று சொல்லிவிட்டு அதை வேறு சுவருக்கு மாற்றுவார்.

பார்க்கத்தான் ஆளே இல்லை. பழைய இன்சூரன்ஸ் மூளை சும்மா இருக்குமா? டயர் மாற்ற வருகிறவர்களைப் பிடிக்க ஆரம்பித்தார். வண்டி ஜாக்கியில் ஏறிவிட்டால் ஆள் எங்கே ஓடமுடியும்? கையைப் பிடித்து மாடிக்கு ஏற்றிவிடுவார். மேலே விளக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே படிக்கட்டிலிருந்து தலையை நீட்டி மெக்கானிக்கிடம் குசுகுசுப்பார்.

"மெதுவா கழட்டுலா! அவரு இன்னும் ரெண்டாவது செவத்துக்கே வரல!"

உம்பாயிலிருந்து மீன் ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டார். கறுப்புப் புள்ளியின் தத்துவம் முடிவதற்குள் கீழே ஐஸ் உருகி, கடை வாசல் முழுக்க மீன் தண்ணீர். மனிதர் பழைய டயரையே மாட்டித் தரச்சொல்லி ஓடினார். அதன்பிறகு லாரிக்காரர்கள் எங்கள் கடைப்பக்கம் திரும்பாமல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் மாடி ஏறி வந்தார்.

"டேய், இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். ஜனங்க தானா வரணும். டயர் மாத்த வந்தவன இழுத்துட்டு வந்தா அது கணக்கில்ல. வரலேன்னா மாடிய என் மச்சான் மவனுக்குக் கொடுத்துருவேன். கைப்பேசிக் கடை போடப் போறானாம்."

அன்றைக்கு டைரக்டர் சுத்தியலைத் தொடவேயில்லை. படங்களெல்லாம் சாயங்காலம் வரை ஒரே இடத்தில் தொங்கின. மனிதர் எவ்வளவு பயந்துவிட்டார் என்று அதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

மறுநாள் பழையபடி கிளம்பிவிட்டார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆண்டுவிழா என்று அறிவித்தார். தோட்டம், கோயில், பாசார், பள்ளிக்கூடம் என்று ஒரு இடம் விடாமல் அழைத்தார். கோலா சுங்கை பாருவில் இருந்த இளம் ஓவியர் ஒருவர் டைரக்டரையே வரைந்து அனுப்பியிருந்தார். நவீன ஓவியம் ஆனதால் மூக்கு கன்னத்தில் இருந்தது, ஆனால் பரபரப்பான அந்த முழி அவரேதான். அதைப் படிக்கட்டு ஏறியதும் கண்ணில் படும்படி மாட்டி, கீழே குத்துவிளக்கு வைத்தார். விழா அன்று காலை, ஓவியரையும் அவருடைய புதுப்படத்தையும் கூட்டிவர மனைவியோடு புறப்பட்டுப் போனார்.

அடுத்து நடந்தது நான் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டது. தோட்டத்து நண்பர்கள் மூன்று பேர் டைரக்டருக்குப் போட ரோஜா மாலையோடு சீக்கிரமே வந்திருக்கிறார்கள். ஆளைக் காணோம். மாலை வாட ஆரம்பித்தது.

"அவரு படந்தானே இது? இதுக்கே போட்டுருவோம்லா."

"நல்ல நேரம் முடியப் போவுதே, வெளக்கையும் ஏத்திரு."

மாலையைப் போட்டு, விளக்கை ஏற்றி, நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். அடுத்து மாடி ஏறியவர் படத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். நம்மவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுமா? 'டைரக்டர் தவறிவிட்டார், ஆழ்ந்த இரங்கல்' என்று ஊர் வாட்சப் குழுவில் செய்தி வந்தபோது நான் வீட்டில் விழாவுக்குக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன்.

அவர் எண்ணுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அவர் மனைவி எண்ணுக்கு அடித்தேன். அதையும் எடுக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

படிக்கட்டெல்லாம் செருப்பு. மாடியில் நிற்க இடமில்லை.

"பெட்டி எப்பம்மா வருது?"

"மலாக்கா ஆஸ்பத்திரியில இருந்து வந்துகிட்டிருக்காம்."

யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. துக்க வீட்டில் நம் ஜனங்கள் சத்தம் போடமாட்டார்கள், சிரிக்கமாட்டார்கள், சவப்பெட்டி வராமல் கிளம்பமாட்டார்கள். மாடியில் நாற்காலியும் கிடையாது. அதனால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்ததைப் பார்த்தார்கள். அப்படி ஒரு அமைதியான பார்வையாளர் கூட்டம் பாரிசிலும் கிடைக்காது.

பாசாரில் கீரை விற்கும் அக்கா ஒருவர் சுவரில் ஒரு படத்தைப் பார்த்து விம்மினார். "இதத்தான் காட்டணும்னு கெஞ்சுனாரு. பஸ்ஸு வந்துருச்சுன்னு ஓடிட்டேனே." முதலாளி கறுப்புப் புள்ளியின் முன்னால் நின்றார். "நான் சொன்ன வார்த்ததான்மா அவன் நெஞ்சுல அடிச்சிருச்சு," என்றார் என்னிடம். நான் போய் நீலத்தின் முன்னால் நின்றேன். என்ன தோன்றுகிறது என்று கேட்க ஆள் இல்லை. டார்ப்போலின் ஞாபகமே வரவில்லை. கண்ணை எடுக்கமுடியாமல் நின்று தேம்பித் தேம்பி அழுதேன்.

அந்த நேரத்தில் கீழே ஒரு குரல் கேட்டது.

"அலாமாக்! எவ்ளோ செருப்பு!"

ஈரம் காயாத பெரிய படம் ஒன்று படியேறி வந்தது. அதற்குக் கீழே டைரக்டரின் கால்கள். "வாங்க வாங்க! எல்லாரும் தானாவே வந்துட்டீங்களா!" என்றபடி படத்தை இறக்கினார். ஒரு பாட்டி மயங்கிச் சாய்ந்தார். முதலாளி பாய்ந்துவந்து கட்டிப்பிடித்தார், அதே கையால் முதுகில் ரெண்டு வைத்தார்.

"டேய், நீ சாவலியாடா?"

"இல்லடா, ஜாம். ஆயர் குரோ பக்கம் ஒரே ஜாம்லா."

ஓவியர் வேனை ஓட்ட, கணவனும் மனைவியும் வேனின் பின்பக்கம் ஈரப் படத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், கைப்பேசிகள் முன்சீட்டுப் பையில். அதற்குள் கூட்டத்தில் புதுச் சண்டை. துக்கத்துக்கு வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் போகக்கூடாது. ஆனால் ஆள் உயிரோடு இருக்கிறாரே, குளிக்க வேண்டுமா வேண்டாமா? மஞ்சள் தண்ணீர் தெளித்தால் போதும் என்று முடிவாகி, யாரோ செம்போடு வந்து அள்ளித் தெளிக்க, "படத்து மேல படப்போவுது!" என்று டைரக்டர் குறுக்கே விழுந்து தடுத்தார். கிளம்பாமல் நின்றவர்களுக்கு ஒவ்வொரு படமாகக் காட்டினார். கேசரி இல்லாமலே விழா நடந்து முடிந்தது.

எல்லோரும் போனபிறகு மெல்ல முதலாளியின் பக்கம் வந்தார்.

"இன்னிக்கு வந்தவங்கள கணக்குல சேத்துக்குவியாடா? தானாத்தான வந்தாங்க."

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சேத்துக்கிறேன்டா. நீயே வச்சிக்க மாடிய. இன்னொரு தடவ இப்படிக் கூட்டம் சேக்காத, எனக்குத் தாங்காது."

நான் மலாக்கா டவுனுக்கு மாறி வந்துவிட்டேன். டைரக்டர் அங்கேதான் இருக்கிறார். நேரம் காலம் பார்க்காமல் கூப்பிடுவார், நான் சமையலில் இருந்தாலும் சரி, ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாலும் சரி, எந்தப் படம் எந்தச் சுவருக்குப் போனது என்று ஒன்றுவிடாமல் சொல்லுவார். அவர் சொல்வதில் பாதி எனக்கு இன்றும் விளங்குவதில்லை. ஆனால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். அந்தப் பக்கம் அவர் குரல் இருக்கிறது, எனக்கு அது போதும்.