வெள்ளைக் காரில் விழுந்த கோடு

சௌந்தரராஜன் அந்த ஞாயிற்றுக்கிழமை பேசாமல் படுத்துத் தூங்கியிருக்கலாம். அவரே இப்போது அப்படித்தான் சொல்கிறார். சொல்லி என்ன பிரயோசனம்?

கல்கத்தாவின் பெஹாலாவில், டயமண்ட் ஹார்பர் ரோடிலிருந்து சந்துக்குள் திரும்பினால் வரும் பழைய கட்டடத்தில் அவருக்கு ஒரு ஃப்ளாட், ஒரு மனைவி, ஒரு வெள்ளைக் கார். மூன்றில் எது உசத்தி என்று கேட்டால், மனைவி காதில் விழும் தூரத்தில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வார். திங்கள் முதல் சனி வரை காருக்கு உறை போட்டு மூடிவிட்டு, தான் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு பாங்குக்குப் போவார். ஞாயிறு மட்டும் உறை விலகும், சுவாமிக்குத் திரை விலகுகிற மாதிரி.

மனைவி நாகலக்ஷ்மியிடம் லைசென்ஸ் இருந்தது. சாவி இல்லை.

"லேக் மார்க்கெட் வரைக்கும் நானே ஓட்டிண்டு போறேனே. வாழைப்பூவும் கருவேப்பிலையும் வாங்கிண்டு வந்துடறேன்."

"கோடு விழுந்துடும்டி."

"வாழைப்பூவிலயா?"

"கார்ல. மினிபஸ்காரன் உரசுவான். ஆட்டோக்காரன் உரசுவான். வாங்கின நாள்லேர்ந்து என் கையிலே ஒரு கோடு விழுந்ததில்லே. என்னிக்காவது நான் ஒரு கோடு போட்டேன்னா, அன்னிக்கே சாவியை உன் கையிலே கொடுத்துடறேன். போறுமா?"

போதாதுதான். ஆனால் கணவர்கள் இப்படிக் கேட்கும்போது பதில் எதிர்பார்ப்பதில்லை.

இதற்கிடையில் விச்வகர்மா பூஜை நெருங்கியது. நம்மவர்கள் நவராத்திரி முடிவில் ஆயுத பூஜை செய்வதற்கு முன்பே, வங்காளிகள் அதை விச்வகர்மாவுக்குச் செய்து முடித்துவிடுகிறார்கள். கட்டடத்துத் தண்ணீர் மோட்டார், லிஃப்ட், ஸ்கூட்டர், கார் எல்லாவற்றுக்கும் மாலை, பொட்டு. போன வருஷம் புரோகிதர் இவர் காருக்குப் பொட்டு வைத்துவிட்டு, விரலை வேஷ்டியில் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்பு சௌந்தரராஜன் நெஞ்சில் தைத்துவிட்டது. இந்த வருஷம் அதே புரோகிதர் தன் கார்க் கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ள வேண்டும் என்று சபதம் செய்தார். புரோகிதருக்குத் தலையில் முடி கிடையாது. சபதம் என்று வந்துவிட்டால் அதையெல்லாம் பார்க்க முடியுமா?

வாரம் பூராவும் போனில் வீடியோ பார்த்தார். கழுவுவது, க்ளே போடுவது, மெழுகு பூசுவது.

"எதுக்குன்னா இப்போ?" என்றாள் நாகலக்ஷ்மி. "மழைக்காலம். துர்கா பூஜை கழியட்டுமே." குரலில் ஒரு பதற்றம். அவர் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டார்.

"க்ளே போடப் போறேன்டி."

"களிமண்ணா? அதான் ரோடு பூராக் கிடக்கே."

"இது வேற. பிசைஞ்ச மைதா மாவு மாதிரி இருக்கும். சோப்புத் தண்ணி தெளிச்சு மெதுவாத் தேய்க்கணும். கழுவினாப் போகாத தூசி, தார், எல்லாத்தையும் உருவி எடுத்துடும். ஒரே ஒரு ஜாக்கிரதை. கீழே விழுந்தா எடுக்கப்படாது, தூர எறிஞ்சுடணும். மண்ணு ஒட்டிக்கும். அதோட தேய்ச்சா கோடு."

"என்ன விழும்?"

"கோடு."

"நீங்க தேய்ச்சாலுமா?"

"யார் தேய்ச்சாலும்."

நாகலக்ஷ்மி ஜன்னல் வழியாகக் கீழே உறைக்குள் இருந்த காரைப் பார்த்தாள். பிறகு, "பண்ணுங்கோ. நன்னாப் பண்ணுங்கோ. நானே பக்கெட் எடுத்துத் தரேன்," என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஞாயிறு காலையில் காரைச் சுவரோரத்திலிருந்து முன்னால் இழுத்து நிறுத்தினார். ஷாம்பூ போட்டுக் கழுவினார். பிறகு கையில் ஒரு பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, பானெட்டைத் தடவ ஆரம்பித்தார்.

முதல் மாடி பால்கனியிலிருந்து குரல் வந்தது. "கையில பையை மாட்டிண்டு என்ன பண்றேள்? காருக்குப் பிரசவமா?"

"பை மேலாத் தடவினாத்தான் அழுக்கு நெறநெறன்னு தெரியும். வீடியோல சொன்னான்."

"என்ன குழந்தைன்னு சொல்லுங்கோ."

கீழ் வீட்டு நந்தி பாபு, ரிட்டையரான மனிதர், தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தார். வழக்கமாக அரசியல், மீன் விலை, கால்பந்து எல்லாம் பேசாமல் நகர மாட்டார். அன்றைக்குக் காரைப் பார்த்தார், பால்கனியைப் பார்த்தார், இருமினார், உள்ளே போய்விட்டார்.

க்ளே நன்றாகவே வேலை செய்தது. தேய்க்கத் தேய்க்க பெயிண்ட் கண்ணாடியாய் வழுக்கியது. பானெட், கூரை, வலது பக்கம் முடிந்து, இடது பக்கம் சோப்பு நுரை வழிந்த பின்கதவுக்கு வந்தார். உலகமே மறந்துபோயிருந்தது.

"ஏன்னா!"

காதுக்குப் பக்கத்தில் வெடித்தது. சௌந்தரராஜன் துள்ளினார். க்ளே அவரைவிட உயரமாகத் துள்ளி, சிமெண்டுத் தரையில் 'சொத்' என்று விழுந்தது. பின்னால் நாகலக்ஷ்மி காபி டம்ளரோடு நின்றிருந்தாள். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதோ விழுந்த மாதிரி சத்தம் கேட்டதே?"

"ஒண்ணும் விழலியே," என்றார், அதைச் செருப்பால் மறைத்துக்கொண்டு.

"சரி. காபி ஆறிடும்."

அவள் போனதும் குனிந்து எடுத்தார். க்ளே முழுக்க மணல். தூர எறிய வேண்டியதுதான். ஆனால் அவரிடம் இருந்ததே அந்த ஒரு உருண்டை. கடை அடைத்த ஞாயிறு. இன்னும் ஒரு பக்கம் பாக்கி. நகத்தால் மணலைக் கிள்ளினார், மடித்தார், பிசைந்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், தேய்த்தார்.

தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் தெரிந்தது. இடது பின்கதவில் ஒரு கோடு. ஒரு முழ நீளம்.

மெழுகை எடுத்து அதன் மேல் அப்பினார். கல்கத்தாப் புழுக்கத்தில் அது காயவே இல்லை. பழைய பனியனால் தேய்தேயென்று தேய்த்ததில் கார் ஜொலித்தது. கார் ஜொலிக்க ஜொலிக்கக் கோடும் ஜொலித்தது. முன்பு சாதாரணக் காரில் சாதாரணக் கோடு. இப்போது அரண்மனையில் விரிசல் மாதிரி இருந்தது.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

"என்னன்னா, உருளைக்கிழங்கு ரோஸ்ட் அப்படியே இருக்கு? உடம்பு சரியில்லையா?"

"நாகு, க்ளே கீழே விழுந்தது."

"ஓ."

"தூர எறிஞ்சிருக்கணும். எறியலே. கோடு விழுந்துடுத்து."

"அடப் பாவமே."

"நீ கேட்டப்போ உன்கிட்டப் பொய் வேற சொன்னேன்."

"அதை விடுங்கோ. பொய்க்கெல்லாம் கோடு விழறதுன்னா, இந்த வீட்டுல நாம ரெண்டு பேரும் வரிக்குதிரை மாதிரின்னா இருக்கணும்? ரோஸ்ட்டைச் சாப்பிடுங்கோ."

எவ்வளவு பெரிய மனசு என்று அவருக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷம் இவளிடம் சாவியைக் கொடுக்காமல் இருந்தோமே. உரசுவாய், இடிப்பாய், உனக்கு வராது என்று எத்தனை முறை சொல்லியிருப்போம். கடைசியில் கோடு போட்டது யார்? அவள் சாவியைக் கேட்கக்கூட இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. எழுந்துபோய், ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துவந்து, தாம்பூலம் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார்.

"இனிமே நீதான் ஓட்டணும்."

"அய்யோ, எனக்கு எதுக்குன்னா?" என்று சொல்லிக்கொண்டே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பூஜையன்று புரோகிதர் காரில் தன் முகத்தைப் பார்த்தார், திருப்தியாகத் தலையைத் தடவிக்கொண்டார். சௌந்தரராஜனுக்கு அதைப் பார்த்தும் சந்தோஷப்பட மனசில்லை. மாலையை இழுத்து இழுத்துக் கோட்டின் மேல் விட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு லேக் மார்க்கெட். நாகலக்ஷ்மி வலது பக்கம் ஏறினாள், அவர் இடது பக்கம். பின்னால் பார்க்க வேண்டும், கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டும், க்ளட்சை மெதுவாக விட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தார். அதற்குள் கார் ஒரே வளைவில் பின்னால் வந்து, திரும்பி, குறுகலான கேட்டுக்கு நேராக நின்றது. அவரே ஏழெட்டுத் தடவை முன்னும் பின்னும் போகாமல் அப்படிச் செய்ததில்லை.

கேட்டருகே நந்தி பாபு மீன் பையோடு நின்றிருந்தார். முகமெல்லாம் பெருமை. "ஷாபாஷ், பௌதி!" என்று வங்காள வழக்கப்படி அண்ணி முறை வைத்துக் கத்தினார். "இந்தத் தடவை தூண் பக்கமே போகலை!"

சௌந்தரராஜன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"எந்தத் தூண்?"

"கேட்டுத் தூண்தான். போன மாசம்."

"சாவி?"

"இன்னொண்ணு பீரோவிலே கிடக்கே. நீங்க பாங்குல இருப்பேள், கார் உறைக்குள்ளே தூங்கும், நந்தி பாபு சும்மா உட்கார்ந்திருப்பார். சொல்லிக்கொடுத்தார்."

"நான் பாக்கவே இல்லியே!"

"சுவரோரம் இருக்கற பக்கம். அதோட, கான்வாஸ் ஷூவுக்குப் போடற வெள்ளையைத் தடவி வெச்சிருந்தேன். கான்வென்ட்ல தினம் பண்ணின வேலை, கை மறக்குமா? உங்க ஷாம்பூவிலே போயிடுத்து."

"அப்போ... நான் சோறு இறங்காம... சாவியை ரெண்டு கையாலும்..."

"கீழே விழுந்ததை எடுத்துத் தேய்ச்சேளா இல்லையா?"

"தேய்ச்சேன்."

"விழலேன்னு பொய் சொன்னேளா?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன? உங்க மன்னிப்பை நீங்க கேட்டாச்சு. என்னோடதை நான் சௌகரியப்படறச்சே கேட்டுக்கறேன். ரோடு வந்துடுத்து, பெல்ட்டைப் போட்டுக்கோங்கோ."

சௌந்தரராஜன் வழக்கம்போல் வலது தோளுக்கு மேல் கையைக் கொண்டுபோனார். அங்கே ஒன்றும் இல்லை. சீட்டுக்கு அடியில் தடவினார், அங்கேயும் இல்லை. அவருடைய சொந்தக் காரில் இடது சீட்டு பெல்ட் எங்கே தொங்குகிறது என்று, இத்தனை வருஷம் அங்கே உட்கார்ந்தவள்தான் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.